மாருதி இன்ஜினில் பந்தயக் கார் கட்டிய கரிவரதன்

விளாத்திகுளம் வட்டத்தில் நாகலாபுரம் என்று ஓர் ஊர். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், மல்லி ஆகியவைதாம் இந்த வானம் பார்த்த பூமியின் விளைச்சல்.

இந்தப் பக்கத்து ஊர்களில் கோவில் கொடை என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்க ஜனங்கள் திரண்டுவிடுவார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாகப் பந்தயம் நடக்கும். பந்தய வண்டியை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாரம் ஏற்றும் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு சக்கரம், ஒரு நுகத்தடி, வண்டி ஓட்டுபவர் தொற்றிக்கொள்ளச் சிறு இடம். அவ்வளவுதான். வேண்டாத மரத்துண்டு ஒன்றுகூட இராது.

கனம் குறைந்தால் வேகம் கூடும். ஆனால் வண்டி குடை சாய்ந்தால், ஓட்டுபவரைக் காப்பாற்ற அதில் எதுவும் இல்லை.

மோட்டார் பந்தயக் காரின் கதையும் இதுவே. மாட்டுக்குப் பதில் இன்ஜின். அப்படிப்பட்ட கார்களைத் தம் கையால் கட்டி, தாமே ஓட்டி, ஊரார் வீட்டு வாலிபர்களையும் அதில் ஏற்றி ஓட்டக் கற்பித்தவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் பெயர் சுந்தரம் கரிவரதன். கோயமுத்தூர்க்காரர். நண்பர்களுக்கு அவர் கரி.

மில் குடும்பத்துப் பிள்ளை

கரிசல் காட்டுப் பருத்திக்குச் சந்தை கோவில்பட்டி. அங்கே லட்சுமி மில் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த மில்லின் தாய் வீடு கோவில்பட்டி அல்ல, கோயமுத்தூர். 1910-ஆம் ஆண்டில் ஜி. குப்புசாமி நாயுடு அங்கே லட்சுமி மில்லைத் தொடங்கினார். பிற்பாடு அது கிளை விட்டு வளர்ந்தது. கோவையில் அவர் பெயரால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அந்த மில் குடும்பத்தில் 1954-ஆம் ஆண்டு பிறந்தவர் கரிவரதன்.

கோயமுத்தூரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நூல் மில்கள் நிறைந்த ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் மில் என்றால் இயந்திரம். இயந்திரம் என்றால் தேய்மானம். சீமையிலிருந்து வந்த யந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தால், கப்பல் வரும் வரை மில்லை மூடி வைக்க முடியுமா? ஆகவே அங்கேயே லேத்துப் பட்டறைகள் முளைத்தன. வார்ப்படச் சாலைகள் எழுந்தன. கிணற்று நீரை இறைக்கப் பம்புகள் செய்தார்கள். 1937-ஆம் ஆண்டிலேயே கோவையில் மின்சார மோட்டார் உருவாயிற்று. ஜி.டி. நாயுடுவின் புதுமைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய மனிதர் அவர்.

இப்படிப்பட்ட ஊரில் இரும்பைப் பார்த்தால் யாருக்கும் பயம் இராது. கழற்றினால் மாட்டிவிடலாம் என்ற தைரியம் அந்த ஊரின் காற்றிலேயே உண்டு. கரிவரதன் வளர்ந்தது அந்தக் காற்றில்தான். பணமுள்ள வீட்டுப் பிள்ளை விலை கொடுத்துக் கார் வாங்கி ஓட்டியதோடு நின்றிருந்தால், அவரைப் பற்றி எழுத இன்று ஒன்றும் இருந்திராது. அவர் காரைத் தாமே வடிவமைத்துக் கட்டத் தொடங்கினார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சோழவரத்துத் திருவிழா

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். அங்கே இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் போட்ட விமானத் தளம் ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. கான்கிரீட் ஓடுபாதை மட்டும் வெயிலில் கிடந்தது.

1953-ஆம் ஆண்டில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கம் தோன்றியது. அதன் முயற்சியால் சோழவரம் பந்தயத் திடலாயிற்று. ஆண்டுதோறும் பந்தயம் என்றால் சென்னை ஜனங்களுக்கு அது ஒரு திருவிழா. பஸ்ஸிலும் லாரியிலும் சைக்கிளிலும் கூட்டம் வந்து சேரும். கல்கத்தா, பம்பாய், பெங்களூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட ஓட்டுநர்கள் வருவார்கள்.

தடத்தின் ஓரத்தில் என்ன பாதுகாப்பு? வைக்கோல் கட்டுகள்தான்! கார் தடம் மாறிப் போனால் வைக்கோலில் முட்டி நிற்க வேண்டும். நின்றால் அதிர்ஷ்டம். அந்தக் காலத்தில் உலகெங்கும் நிலைமை ஏறக்குறைய இதுதான். பிரான்ஸ் நாட்டில் லெ மான்ஸ் என்னும் ஊரில் 1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த பந்தயத்தில் ஒரு கார் ஜனக்கூட்டத்துக்குள் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அவர்கள். அதற்குப் பிறகே தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பல தேசத்தாரும் அக்கறையோடு யோசிக்கத் தொடங்கினார்கள்.

சோழவரத்தில் ஓடிய கார்களில் இரண்டு ஜாதி. ஒன்று, நம் தெருவில் ஓடும் அம்பாசிடர், பியட், ஹெரால்டு முதலிய கார்களைப் பிரித்து, கனம் குறைத்து, இன்ஜினை முறுக்கேற்றிப் பந்தயத்துக்கு விடுவது. மற்றொன்று, சீமையிலிருந்து வரவழைத்த அசல் பந்தயக் கார். கொண்டல் சமஸ்தானத்து அரச குடும்பத்தாரும், விஜய் மல்லையா போன்ற தொழிலதிபர்களும் அத்தகைய கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது.

அந்த நாளில் சீமைக் கார் இறக்குமதி செய்வது லேசான காரியம் அல்ல. சர்க்கார் லைசென்சு வேண்டும். சுங்க வரியோ காரின் விலையையே மிஞ்சும். உடைந்த உதிரி பாகத்துக்கு மறுபடியும் கப்பலை எதிர்பார்க்க வேண்டும். ஆகவே நல்ல கார் ஓட்டுவது யார் என்பதைத் திறமை தீர்மானிக்கவில்லை. பணப்பெட்டி தீர்மானித்தது. வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் ஒரு கெட்டிக்கார வாலிபன், ஆயுள் முழுவதும் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

சோழவரத்தில் கரிவரதனும் ஓட்டினார். தாமே வடிவமைத்த கார்களையும் ஓட்டினார். பந்தயத்தின் ருசியையும் அதன் அநியாயத்தையும் அருகிலிருந்தே பார்த்தவர் அவர்.

முள் பார்த்து ஓட்டும் கார்

பந்தயக் காரில் அப்படி என்ன மோகம் என்று பெண்மக்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கைக்கடிகாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முள் சுற்றும். மற்றொன்றில் எண்கள் மின்னும். முள் சுற்றுவதை அனலாக் என்றும், எண் மின்னுவதை டிஜிட்டல் என்றும் சொல்கிறார்கள். கார்களிலும் இந்தப் பெயர் வழங்குகிறது. இன்றைய காரில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நாம் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தால் அது சரி செய்கிறது. சக்கரம் வழுக்கினால் இன்ஜினைத் தானே அடக்குகிறது. பழைய காரில் அப்படி யாரும் குறுக்கே வரமாட்டார்கள். கால் மிதித்தது சக்கரத்துக்கு நேரே போகும். சக்கரம் உணர்ந்தது ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு நேரே வரும். தடத்தில் கிடக்கும் சிறு கல்லைக்கூட உள்ளங்கை அறியும். மனிதனும் யந்திரமும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளும் கார் அது.

உலகப் பிரசித்தி பெற்ற அனலாக் கார் ஒன்று இத்தாலியில் பிறந்தது. அதன் பெயர் பெராரி எப்-40. கம்பெனி ஆரம்பித்து 40 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1987-இல் அதை வெளியிட்டார்கள். கம்பெனியை நிறுவிய என்ஸோ பெராரி கிழவரின் ஒப்புதலோடு வந்த கடைசிக் கார் அது. மறு ஆண்டு ஆகஸ்டில், தமது 90-ஆம் வயதில் அவர் காலமானார்.

அந்தக் காருக்கு 478 குதிரை சக்தி. மணிக்கு 324 கிலோமீட்டர் வேகம். மொத்தம் செய்தது 1,311 கார்கள்தாம். கொள்ளை விலை. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள்! தரையில் விரிப்பு இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கம்பி. ஸ்டீயரிங்கைத் திருப்ப யந்திர உதவி இல்லை. பிரேக்கில் சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் இல்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கே அந்த அமைப்பு கட்டாயம் என்று 2019-இல் நம் நாட்டில் விதி முழுமையாக அமலுக்கு வந்தது. கோடிக்கணக்கில் விலை போகும் அந்தக் காரில் அது இல்லை.

வேறொரு குணமும் அதற்கு உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் சும்மா இருக்கும். பிறகு டர்போ விழித்துக்கொண்டு திடீரென்று மொத்த பலத்தையும் சக்கரத்தில் கொட்டும். வளைவில் இருக்கும்போது அப்படிக் கொட்டினால் காரின் பின்புறம் முன்னால் வந்துவிடும். அனுபவம் இல்லாதவனுக்கு அந்தக் கணத்தில் ஒன்றும் புரியாது. புரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இருந்தும் அந்தக் காருக்காக உயிரை விடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். காரணம், காரை நன்றாக ஓட்டினால் அந்தப் பெருமை முழுவதும் ஓட்டுபவனுக்கே. தவறு செய்தாலும் அது முழுவதும் அவனுக்கே.

எண்ணூறு இன்ஜின் செய்த வேலை

இத்தாலியில் எப்-40 பிரமாதமாக விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1988-ஆம் ஆண்டில், கோயமுத்தூரில் கரிவரதன் வேறொரு கார் கட்டினார். அதற்கும் கம்ப்யூட்டர் துணை கிடையாது. அதிலும் மனிதனும் யந்திரமும் நேருக்கு நேர்தான். ஆனால் அதன் இன்ஜின், நம் தெருவில் காய்கறி வாங்கப் போன மாருதி 800 காரின் இன்ஜின்!

மாருதி 800 நம் நாட்டில் வெளிவந்தது 1983 டிசம்பரில். மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொள்ளளவு. நாற்பது குதிரை சக்திகூட முழுதாக இராது. பெராரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பள்ளிக்கூட வாத்தியாரும் பாங்கு குமாஸ்தாவும் சீட்டுப் போட்டுச் சேர்த்துக் கனவு கண்ட கார் அது. அந்த இன்ஜினைப் பார்த்து, இதைக் கொண்டு ஒரு பந்தயக் கார் கட்டலாம் என்று நினைக்க ஒரு தனி மூளை வேண்டும்.

அதில் சூட்சுமம் இருந்தது. மாருதிக் காரின் எடை சுமார் 650 கிலோ. அதில் பெரும் பகுதி கூரை, கதவு, கண்ணாடி, ஆசனம், டிக்கி. அத்தனையையும் நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? மாட்டு வண்டிப் பந்தயக்காரர்கள் கண்ட அதே உண்மைதான். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு. அதன்மேல் கண்ணாடி இழையால் செய்த மெல்லிய உடல். ஒரே ஓர் ஆசனம். ஓட்டுபவர் உட்காருவதில்லை, ஏறக்குறையப் படுத்துக்கொள்கிறார். இடுப்புக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி. முதுகுக்குப் பின்னால் இன்ஜின். நான்கு சக்கரங்களும் மூடியில்லாமல் வெளியே நிற்கும். இப்படிக் கனம் குறைந்துவிட்டால் சின்ன இன்ஜினும் சிறுத்தையாகிவிடும்.

இந்தக் கார் வகைக்குப் பார்முலா மாருதி என்று பெயர் வழங்கிற்று. ஒரே மாதிரிக் கார்கள், ஒரே மாதிரி இன்ஜின்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல். இன்ஜின் கெட்டால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் கடையில் உதிரி பாகம் கிடைக்கும். பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கே கை வைக்கலாம். பந்தயத்தில் முந்தினால், பணப்பெட்டி முந்தியது என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டியவன்தான் முந்தினான்.

இதனால் ஏழைக் குடியானவன் மகனும் பந்தயக் கார் ஓட்டினான் என்று சொல்லிவிட முடியாது. பார்முலா மாருதிக்கும் பணம் வேண்டும். டயர் வேண்டும், பெட்ரோல் வேண்டும், லாரியில் ஏற்றிக்கொண்டுபோக வேண்டும். ஆனால் ராஜாக்களுக்கும் மில் முதலாளிகளுக்கும் மட்டும் திறந்திருந்த வாசலில், அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களும் நுழைந்தார்கள். அதைத் திறந்துவிட்டவர் ஒரு மில் வீட்டுப் பிள்ளை என்பதுதான் விசேஷம்.

ஊரான் வீட்டுப் பிள்ளை

தான் ஓட்டத் தான் ஒரு கார் கட்டுவது வேறு. அடுத்த வீட்டுப் பிள்ளை ஓட்டக் கார் கட்டிக் கொடுப்பது வேறு. முதலாவதில் தவறு நேர்ந்தால் தன் தலையோடு போயிற்று. இரண்டாவதில் ஒரு தாய் வாசலில் காத்திருக்கிறாள்.

இத்தகைய கார்களில் எங்கெங்கே எமன் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்போம்.

முதலாவது, பற்றவைப்பு. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் வெல்டிங் ஊசி முனை அளவு பிசகினாலும், அதிர்ச்சி பட்டுப் பட்டு அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். என்றைக்கோ ஒரு நாள் வளைவில் சக்கரம் தனியே கழன்றுவிடும்.

இரண்டாவது, அந்தத் திறந்த சக்கரங்கள். இரண்டு கார்கள் அருகருகே ஓடும்போது, முன் காரின் பின் சக்கரத்தில் பின் காரின் முன் சக்கரம் உரசினால் போதும். சுழலும் ரப்பர் சுழலும் ரப்பரைப் பிடித்து ஏறும். பின்னால் வந்த கார் பட்டம் போல் மேலே எழும்பும். மூடிய சக்கரமுள்ள காரில் தகரம் நசுங்குவதோடு போகும் விஷயம், இங்கே ஆளை வானத்துக்கு அனுப்பிவிடும்.

மூன்றாவது, நெருப்பு. பெட்ரோல் டாங்கும் சூடேறிய இன்ஜினும் ஆளின் உடம்பை ஒட்டியே இருக்கின்றன. அதனால்தான் பந்தய ஓட்டுநர் வெயில் காலத்திலும் தீப்பிடிக்காத கனத்த உடை அணிகிறார். தலைக்கவசம், தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் வார், தலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்பு வளையம் ஆகிய இவைதாம் அவருக்குக் காவல். கார் கவிழ்ந்தால் அந்த வளையம் தரையைத் தாங்க வேண்டும். தலை தாங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலானது வேகத்தின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் தாண்டிவிடும். 120-இல் போனால் 33 மீட்டர். ஆபத்தைக் கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இவ்வளவு தூரம் போய்விடுகிறது. பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகிறது. வேகம் இரட்டித்தால் மோதும் பலம் நான்கு பங்கு. இந்தக் கணக்கு ராஜாவுக்கும் ஒன்றுதான், மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் பறக்கும் பையனுக்கும் ஒன்றுதான்.

ஆனால் மெயின் ரோட்டில் எதிரே லாரி வரும். ஆடு குறுக்கே ஓடும். கிழவி சாலையைக் கடப்பாள். பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். வளைவுக்கு வளைவு கொடி பிடித்தவர்கள் நிற்கிறார்கள். ஆம்புலன்சு காத்திருக்கிறது. வேகத்தின் மேல் மோகம் கொண்ட வாலிபனை ஊர்ச் சாலையிலிருந்து தடத்துக்கு அழைத்துப் போவதே ஒரு பெரிய காவல். சின்ன இன்ஜின் கார் இதற்கு மிகவும் ஏற்றது. தவறு செய்து, அந்தத் தவறைப் புரிந்துகொண்டு, மறுபடியும் ஓட்ட வருவதற்கு அது இடம் கொடுக்கும். 478 குதிரை சக்தி அந்த இடத்தைக் கொடுக்காது.

காலமும் ஒத்துழைத்தது. 1990-ஆம் ஆண்டு வாக்கில் சோழவரத்துப் பழைய ஓடுபாதைக்கு விடை கொடுத்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய தடத்துக்குப் போட்டிகள் மாறின. விமானத்துக்குப் போட்ட பாதையில் கார் ஓட்டுவதற்கும், காருக்கென்றே வளைவு வளைவாகப் போட்ட பாதையில் ஓட்டுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம். பார்முலா மாருதிகள் அங்கே வரிசை கட்டி ஓடின.

ஒரு கறுத்த வாரம்

ஆபத்தை அடக்கிவிட்டோம் என்று உலகம் நினைத்த வேளையில் அடி விழுந்தது.

உலகத்தின் தலை சிறந்த பந்தயம் பார்முலா ஒன். அதில் 1990-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர்கள் புகுந்துவிட்டன. சக்கரம் வழுக்காமல் அவை பார்த்துக்கொண்டன. கார் குலுங்காமல் அவையே சமன் செய்தன. ஓட்டுநருக்கு வேலை குறைந்துபோயிற்று என்று குறை எழுந்தது. 1994-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு அந்த உதவிகளில் பலவற்றைத் தடை செய்தார்கள். கார் மறுபடியும் மனிதன் கைக்கே வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, இத்தாலியில் இமோலா தடத்தில் தகுதிச் சுற்று நடந்தபோது ஆஸ்திரிய ஓட்டுநர் ரோலண்ட் ராட்சென்பெர்கர் மாண்டார். மறுநாள் மே 1. பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். மூன்று முறை உலகச் சாம்பியன் அவர். அவருடைய கார் வளைவில் திரும்பாமல் நேரே சென்று சுவரில் மோதியது. அவரும் மாண்டார்.

கம்ப்யூட்டரை எடுத்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த வழக்கு இத்தாலிய நீதிமன்றங்களில் பல ஆண்டு நடந்தது. ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகு தடங்களின் வளைவுகளை மாற்றினார்கள். கார்களின் வேகத்தைக் குறைக்க விதிகளை மாற்றினார்கள். ஓட்டுநரின் தலையைச் சுற்றிக் காவலை உயர்த்தினார்கள். உலகம் முழுவதும் பந்தயக் கார் கட்டுகிறவர்கள் தங்கள் வேலையை மறுபடி ஒரு முறை தட்டிப் பார்த்த காலம் அது.

வானத்தில் வந்த முடிவு

கரிவரதனுக்கு எமன் வளைவில் காத்திருக்கவில்லை. சோழவரத்து வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே ஓட்டியவர். திறந்த சக்கரக் கார்களோடு வாழ்ந்தவர். பந்தயத் தடம் அவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு விமான விபத்தில் அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 41. பிறந்த மாதமும் அதே ஆகஸ்டு.

கோயமுத்தூர் திகைத்துப்போயிற்று. மில் குடும்பத்துக்குப் பிள்ளை போயிற்று. பட்டறைகளில் அரைகுறையாகக் கிடந்த இரும்புக் கூடுகளுக்கு யோசனை சொன்ன வாய் போயிற்று. அவருடைய கார்களில் ஏறி வேகம் பழகிய வாலிபர்களுக்கு ஓர் அண்ணன் போனார்.

ஆனால் பட்டறைகள் மூடிவிடவில்லை. பந்தயக் கார் கட்டும் தொழில் கோவையிலேயே வேர் பிடித்துவிட்டது. அவரோடு வேலை செய்தவர்களும் அவரைப் பார்த்துத் தொழில் கற்றவர்களும் தொடர்ந்து கட்டினார்கள். தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் கோயமுத்தூர் என்ற பெயர் நிலைத்தது. செட்டிபாளையத்தில் புதிதாகக் கட்டிய பந்தயத் தடம் 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே.

சின்ன இன்ஜினில் ஏறிய பையன்

கோயமுத்தூரில் கார்த்திகேயன் என்று ஒருவர். அவரும் பழைய ராலி ஓட்டுநர். அவர் மகன் நரேன் 1977-இல் பிறந்தவன். அவனுக்கும் பந்தய ஆசை வந்தது. அவன் முதன்முதலாக ஓட்டிய பந்தயம் இருங்காட்டுக்கோட்டையில். ஓட்டிய கார் பார்முலா மாருதி. முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருவனாக வந்து மேடை ஏறினான். பிறகு பிரான்சுக்குப் போய்ப் பயிற்சி பெற்றான். திரும்பி வந்து 1993-ஆம் ஆண்டில் மறுபடியும் பார்முலா மாருதியிலேயே ஓட்டினான். அப்புறம் இங்கிலாந்து, ஜப்பான் என்று பல தேசத்துத் தடங்களில் பழகினான்.

2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில், ஜோர்டான் என்னும் கம்பெனியின் மஞ்சள் நிறக் காரில் நரேன் கார்த்திகேயன் புறப்பட்டார். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே.

அதே ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் தடத்தில் பந்தயம். அங்கே கடைசி வளைவு சரிவாக எழும்பி நிற்கும். அந்த வளைவின் பாரத்தை மிஷலின் கம்பெனி டயர்கள் தாங்கமாட்டா என்று பயிற்சி ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு காரின் டயர் அங்கே கிழிந்து, கார் சுவரில் மோதியிருந்தது. பந்தயத்துக்கு வந்த 20 கார்களில் 14 கார்களுக்கு அந்த டயர்தான். என்ன செய்வதென்று இரவெல்லாம் பேசினார்கள். முடிவு ஏற்படவில்லை.

மறுநாள் ஏராளமான ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, 20 கார்களும் ஒரு சுற்று மெதுவாக வந்தன. பந்தயம் தொடங்க வேண்டிய நேரத்தில் 14 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தை விட்டு வெளியேறின. ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்கினார்கள். கூட்டம் கூச்சலிட்டது. பாட்டில்கள் பறந்தன. ஆயினும் ஓட்டுநர்களை மறுபடி காரில் ஏற்ற யாரும் துணியவில்லை.

வேறு கம்பெனி டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்று நரேனுடையது. அவர் நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள் கிடைத்தன. பார்முலா ஒன் பந்தயத்தில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

கரிவரதன் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு வயது 50.